செல்லுக்குள் ஒரு சுழலி: ஏடிபி சிந்தேஸும் அதன் மரபணுக்களும்

போன சித்திரையில் கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் புட்வால்வு வாஷர் போய்விட்டது. (ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் குழாயின் அடிநுனியில் தடுப்பதுதான் புட்வால்வு.) கரண்டு நின்றதும், குழாயில் ஏறி நின்ற தண்ணீர் அத்தனையும் மடமடவெனக் கீழே இறங்கியது. மோட்டார் தன் பாட்டுக்குப் பின்னோக்கிச் சுற்றியது. அக்கா மகன் ப்ளஸ் டூ படிக்கிறான். பக்கத்தில் நின்று பார்த்தவன் கேட்டான்:

"ஏனுங் மாமா, கரண்டு இல்லாமயே சுத்துதுங்களே! இதுல இருந்து கரண்டு எடுக்க முடியாதுங்களா?"

"எடுக்கலாம் கண்ணு. பவானிக்குப் பக்கத்துல ஊராட்சிக்கோட்டைக் கதவணையில காவிரித் தண்ணிய விட்டு எடுக்கறாங்களே, அது என்ன? உன் உடம்புலயும் இதே வேலைதான் நடக்குது."

அன்றைக்கு மோட்டார் ரூமில் ஆரம்பித்த பேச்சு மூன்று நாள் ஓடியது. உயிரியல் பாடம் நடத்துவது என் பிழைப்பு என்பதால் என்னால் நிறுத்தவும் முடியவில்லை. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுழலி. நாம் தின்னும் சோளமோ கம்போ அரிசியோ, எதுவானாலும் கடைசியில் செல்லுக்குள் ஏடிபி என்ற சிறிய மூலக்கூறாக மாறினால்தான் செலவுக்கு ஆகும். 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் இதைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டில் ஃபிஸ்கேவும், நம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுப் போன எல்லாப்பிரகட சுப்பாராவும் தனியாகக் கண்டுபிடித்தார்கள். பாடப்புத்தகம் சுப்பாராவை ஒரு வரியில் தாண்டிவிடுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

செலவான ஏடிபியை மறுபடி ஏடிபியாக ஆக்கித் தரும் நொதிதான் ஏடிபி சிந்தேஸ். நம் செல்களில் அது, செல்லின் மின்நிலையம் போன்ற மைட்டோகாண்டிரியாவின் உள்சவ்வில் பதிந்திருக்கிறது. உணவை எரிக்கும்போது கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு மைட்டோகாண்டிரியா தன் உள்ளிருந்து புரோட்டான்களை, அதாவது நேர்மின்னேற்றம் கொண்ட நுண்துகள்களை, சவ்வுக்கு வெளியே இறைத்துத் தள்ளுகிறது. அணையில் தண்ணீரைத் தேக்குவது போலத்தான். சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு சுமார் 150 மில்லிவோல்ட். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் சவ்வின் தடிமன் ஒரு மீட்டரில் இருபது கோடியில் ஒரு பங்கு. மீட்டர் கணக்குக்கு மாற்றினால் 3 கோடி வோல்ட். அந்த அழுத்தத்தில் புரோட்டான்கள் திரும்பி உள்ளே வர முக்கிய மடை, ஏடிபி சிந்தேஸ். அதன் வழியாக வரும்போது ஒரு வளையத்தைச் சுற்றிவிட்டு வருகின்றன. வளையத்தோடு சேர்ந்த தண்டு சுற்ற, தண்டுக்கு மேலே இருக்கும் தலைப் பகுதி ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று ஏடிபியைச் செய்து வெளியே விடுகிறது.

உருவகமாக அல்ல, நிஜமாகவே சுற்றுகிறது. தேக்கமும் மடையும் என்ற எண்ணத்தை 1961-இல் பீட்டர் மிட்செல் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. தண்டு சுற்றவேண்டும் என்று ஊகித்தவர் பால் பாயர். தலைப் பகுதியின் வடிவத்தை, மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு 1994-இல் வெளியிட்டது ஜான் வாக்கரின் குழு. 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தண்டின் நுனியில் ஒளிரும் நார் ஒன்றைக் கட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்தார்கள். அதே ஆண்டு பாயரும் வாக்கரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இனி உதிரி பாகங்களுக்கு வருவோம். கோவையில் கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ பம்ப் செய்யும் பட்டறைக்குப் போனால் தெரியும். பாடி ஒரு ஃபவுண்டரியில் வார்த்து வரும், ஷாஃப்ட் ஒரு லேத்தில் கடைந்து வரும், இம்பெல்லர் இன்னொரு இடத்திலிருந்து, வைண்டிங் வேறொருவர். ஒரு பம்புக்கு ஷாஃப்ட் ஒன்று போதும். போல்ட் எட்டு வேண்டும். ஷாஃப்ட் எட்டும் போல்ட் ஒன்றும் வந்தால் பட்டறைக்காரர் தலையில் கை வைக்க வேண்டியதுதான். செல்லுக்கும் இதே தலைவலி. ஒவ்வொரு பாகமும் ஒரு புரதம். ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு மரபணு, அதாவது செய்முறைக் குறிப்பு. எந்தப் பாகத்தை, எத்தனை, எப்போது செய்வது என்பதுதான் 'மரபணுக் கட்டுப்பாடு' என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வது.

பாக்டீரியாவில் இந்தக் கணக்கு எவ்வளவு அழகாகத் தீர்க்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால்தான் நம் உடம்பின் சிக்கல் புரியும். நம் குடலில் வாழும் ஈ.கோலையின் ஏடிபி சிந்தேஸில் எட்டு வகைப் பாகங்கள். தலையில் ஆல்ஃபா மூன்று, பீட்டா மூன்று, நடுவில் தண்டாகக் காமா ஒன்று, டெல்டா ஒன்று, எப்சிலான் ஒன்று. சவ்வில் ஏ ஒன்று, பி இரண்டு, சுற்றும் வளையத்துக்குச் சி பத்து. ஆக மொத்தம் 22. இந்த எட்டு வகைக்குமான மரபணுக்களும், கட்டுமானத்துக்கு உதவும் ஒரு புரதத்தின் மரபணுவும், டி.என்.ஏ.வில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்கின்றன. இப்படி ஒரே கட்டளைக்குக் கட்டுப்பட்டு நிற்கும் வரிசைக்கு ஓபரான் என்று பெயர். செல் வரிசை முழுவதையும் ஒரே நீண்ட ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்துக்கொள்கிறது. ஒரே ஆர்டர் சீட்டில் எல்லாப் பாகமும் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அக்கா மகன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். ஒரே சீட்டு என்றால் எல்லாம் ஒவ்வொன்றுதானே வரும்? சி மட்டும் எப்படிப் பத்து?

விடை சீட்டில் எழுதியிருக்கும் விதத்தில் இருக்கிறது. ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதம் கட்டும் எந்திரம் ரைபோசோம். சீட்டின் தலைப்பில் மட்டுமல்ல, ஒவ்வொரு மரபணுவின் தொடக்கத்திலும் அது வந்து உட்கார முடியும். சி மரபணுவுக்கு முன்னால் உள்ள துண்டு ரைபோசோமுக்கு மிகவும் வாகானது. மடிப்பு, முடிச்சு இல்லாமல் திறந்து கிடக்கும். அதனால் ரைபோசோம்கள் அங்கே அடுத்தடுத்து வந்து உட்கார்ந்து சி-யைக் கட்டித் தள்ளுகின்றன. வேறு சில பாகங்களின் தொடக்கமோ மடிந்து கிடக்கும். ரைபோசோம் எப்போதாவதுதான் நுழையும். 1980-களில் ஆய்வாளர்கள் அந்த வாகான துண்டை வெட்டி வேறு மரபணுக்களுக்கு முன்னால் ஒட்டிப் பார்த்தார்கள். அவற்றின் புரதமும் கூடுதலாக வந்தது. சீட்டு ஒன்றே; எண்ணிக்கை மட்டும் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் குறித்திருக்கிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த இடம் இது.

சி என்றதும் ஒரு கிளைக்கதை. பெருந்துறை சானடோரியம் என்றால் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு உடனே காசநோய்தான் நினைவுக்கு வரும். இன்று அங்கே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல மருந்துகளுக்கும் மசியாத காசநோய்க்கு இப்போது தரப்படும் பெடாகுவிலின், காசநோய்க் கிருமியின் சி வளையத்தில் போய் ஒட்டிக்கொண்டு சுழலியை நிறுத்துகிறது. அமெரிக்காவில் 2012 இறுதியில் அனுமதி பெற்ற மருந்து. நம் சுழலியின் சி-யும் கிருமியின் சி-யும் கொஞ்சம் வேறுபடுவதால்தான் கிருமி சாகும் அளவில் நாம் பிழைத்துக்கொள்கிறோம். கிருமியும் சும்மா இருப்பதில்லை. சி-யின் மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே மருந்துக்கு டிமிக்கி கொடுத்துவிடும்.

இப்போது நம் உடம்பு. இங்கே ஒரே சீட்டு கிடையாது.

மனிதச் சுழலியில் பதினேழு பதினெட்டு வகைப் பாகங்கள். எண்ணிப் பார்த்தால் மொத்தம் முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. ஆல்ஃபாவின் மரபணு 18-ஆவது குரோமோசோமில், பீட்டா 12-இல், காமா 10-இல், டெல்டா 19-இல், எப்சிலான் 20-இல். சி-க்கு மட்டும் மூன்று மரபணுக்கள், 17, 12, 2 ஆகிய மூன்று குரோமோசோம்களில். வேடிக்கை என்னவென்றால் மூன்றும் கடைசியில் தருவது அச்சு அசலாக ஒரே சி-யைத்தான். மைட்டோகாண்டிரியாவுக்குள் போய்ச் சேரும்வரை ஒட்டியிருந்து, சேர்ந்ததும் வெட்டி எறியப்படும் முகவரிச் சீட்டில்தான் வித்தியாசம். ஒரே பொருளுக்கு எதற்கு மூன்று மரபணு என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இவையெல்லாம் செல்லின் உட்கருவில் இருப்பவை. ஏடிபி6, ஏடிபி8 என்ற இரண்டு பாகங்களின் மரபணுக்கள் மட்டும் அங்கே இல்லை. மைட்டோகாண்டிரியாவின் சொந்த டி.என்.ஏ.வில் இருக்கின்றன. மைட்டோகாண்டிரியா ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா. இன்னொரு செல்லுக்குள் குடியேறி, தன் சொத்தில் பெரும்பகுதியை உட்கருவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, 37 மரபணுக்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டது. அதன் டி.என்.ஏ.வின் முழு நீளமே 16,569 எழுத்துகள்தான். 1981-இல் கேம்பிரிட்ஜில் முழுவதும் படித்து முடித்தார்கள். இடநெருக்கடி எப்படியென்றால், ஏடிபி8-இன் கடைசி 46 எழுத்துகள்தான் ஏடிபி6-இன் முதல் 46 எழுத்துகளும். பங்காளிகள் இருவர் ஒரே பொதுச்சுவரில் வீடு கட்டியது போல.

பழைய பாக்டீரியா வழக்கமும் அங்கே போகவில்லை. மைட்டோகாண்டிரியா தன் டி.என்.ஏ.வை இன்றும் நீண்ட ஒரே சீட்டாகத்தான் படியெடுக்கிறது. பிறகுதான் துண்டு துண்டாக வெட்டிக்கொள்கிறது.

இந்த டி.என்.ஏ. தாய்வழியாக மட்டுமே வரும். நம் ஊரில் குலதெய்வம் அப்பன் வழி. மைட்டோகாண்டிரியா அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வழி. என் அம்மா எனக்கும் அக்காவுக்கும் கொடுத்தது, அக்கா வழியாக இவனுக்கும் வந்திருக்கிறது. என் பிள்ளைகளுக்கு என்னிடமிருந்து போகாது. அவர்களுக்கு அவர்கள் அம்மிச்சியுடையது. "அப்ப உங்க சொந்தப் பிள்ளைகளை விட இதுல நான்தான் உங்களுக்குக் கிட்டங்களா மாமா?" என்றான். இந்த ஒரு கணக்கில் மட்டும், ஆமாம்.

ஆக, ஒரே எந்திரத்துக்கு இரண்டு ஊரிலிருந்து பாகம் வரவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேலையைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். யார் ஒருங்கிணைப்பது?

உட்கருவில் என்.ஆர்.எஃப்-1, என்.ஆர்.எஃப்-2 என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. மரபணுவின் வாசலில் உட்கார்ந்து 'இதைப் படியெடு' என்று சொல்வது இவற்றின் வேலை. ஏடிபி சிந்தேஸின் பாகங்கள் பலவற்றின் வாசலில் இவை உட்காருவதற்கான திண்ணைகள் உள்ளன. இதே இரண்டும் டிஃபாம் என்ற இன்னொரு மரபணுவின் வாசலிலும் உட்காருகின்றன. டிஃபாம் புரதம் உட்கருவில் தயாராகி, மைட்டோகாண்டிரியாவுக்குள் போய், அங்கிருக்கும் டி.என்.ஏ.வைப் பொதிந்து காத்து, அதன் படியெடுப்பையும் தொடங்கி வைக்கிறது. அதாவது, உட்கரு தன் பங்குப் பாகங்களுக்கு ஆர்டர் போடும் அதே கையோடு, அடுத்த ஊர்ப் பட்டறையைத் திறக்கச் சாவி கொடுத்து ஆளும் அனுப்புகிறது.

என்.ஆர்.எஃப்-களுக்கு மேலே ஒரு மேஸ்திரி உண்டு: பிஜிசி-1 ஆல்ஃபா. 1998-இல் கண்டுபிடித்தார்கள். டி.என்.ஏ.வை இது நேரடியாகத் தொடுவதில்லை. தொட்டுக்கொண்டிருப்பவர்களின் தோளில் தட்டி வேலையைத் துரிதப்படுத்தும். மூட்டை தூக்கும்போதோ, மருதமலைப் படியை மூச்சு வாங்க ஏறும்போதோ, தசையில் ஏடிபி குறைந்து அதன் செலவான வடிவங்கள் குவிகின்றன. அந்தக் குவியலை உணரும் ஒரு நொதி மேஸ்திரியை எழுப்பிவிடும். ஒரு நாள் ஏறினால் கொஞ்ச நேரத்துக்குத்தான். வாரக்கணக்கில் தொடர்ந்து ஏறினால் தசையில் மைட்டோகாண்டிரியாவே கூடிவிடும், சுழலிகளும் கூடும். மைட்டோகாண்டிரியாவைத் தூண்டுவதாகச் சொல்லி டப்பாவில் விற்பதைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் மருதமலைக்கு வழி சொல்லி அனுப்புவேன்.

ஆனால் 'படியெடுப்பைக் கூட்டுவது' ஒன்றே கட்டுப்பாடு என்று நினைத்துவிடக் கூடாது. பாடப்புத்தகம் அந்த எண்ணத்தைத்தான் கொடுக்கிறது. எலிக்குட்டியின் கல்லீரலைப் பாருங்கள். பிறப்பதற்கு முன்பே பீட்டா பாகத்தின் ஆர்.என்.ஏ. எக்கச்சக்கமாகப் படியெடுத்து அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். புரதமாக மட்டும் அது மாறாது. திருப்பூர் கம்பெனியில் கட்டிங் முடிந்த துணிக்கட்டு தையலுக்கு, பவர் டேபிளுக்குக் காத்திருக்குமே, அப்படி. குட்டி பிறந்து சொந்தமாக மூச்சு விட ஆரம்பித்த முதல் ஒரு மணி நேரத்திலேயே தடை விலகி, பீட்டா மளமளவென்று தைத்து இறங்குகிறது. ஆர்டர் வந்த பிறகு நூல் வாங்கப் போனால் ஷிப்மென்ட் தவறிவிடும் என்பது செல்லுக்கும் தெரிந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிராகப் பழுப்புக் கொழுப்பு. பச்சைக் குழந்தைக்குக் குளிர் தாங்க முதுகிலும் தோளிலும் இருக்கும் சிறப்புக் கொழுப்பு அது. அதில் மைட்டோகாண்டிரியா நிறைய, சுழலி மட்டும் மிகக் குறைவு. புரோட்டான் தேக்கத்தைச் சுழலியில் விடாமல், வேறொரு மதகு வழியாகச் சும்மா வடியவிட்டு வெப்பமாக்கிக்கொள்கிறது. சுழலியை எப்படிக் குறைக்கிறது? ஆல்ஃபா, பீட்டா ஆர்.என்.ஏ. எல்லாம் அங்கே தாராளமாக இருக்கிறது. சி-க்கு மூன்று மரபணு என்றேனே, அவற்றில் முதலாவதை மட்டும் அடக்கி வைத்திருக்கிறது. சி போதாது, வளையம் இல்லை, வளையம் இல்லாவிட்டால் சுழலியும் இல்லை. மிஞ்சிய பாகங்களைச் செல் சிதைத்துவிடும். எலிகளில் அந்த ஒரு மரபணுவைக் கூட்டி விட்டதும் பழுப்புக் கொழுப்பில் சுழலிகள் பெருகின. மூன்றில் ஒன்று, தேவைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் திருகாக இருக்கிறது. மோட்டார் பட்டறையில் எல்லாம் இருந்தும் ஒரு பேரிங் வராததால் ஆர்டர் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

பூட்டுவதிலும் ஒரு முறை உண்டு. ஈஸ்ட் செல்லில் செய்த ஆய்வில் தெரிந்தது: உட்கருவிலிருந்து வரும் தலைப் பகுதி தயாராகி நிற்காவிட்டால், மைட்டோகாண்டிரியா தன் ஏடிபி6, ஏடிபி8-ஐக் கட்டவே ஆரம்பிப்பதில்லை. காரணம் எளிது. ஏடிபி6-உம் வளையமும் சேர்ந்தால்தான் புரோட்டானுக்கு வழி திறக்கும். மேலே தலை இல்லாமல் வழி மட்டும் திறந்தால் தேக்கமெல்லாம் வீணாக வடிந்துவிடும். ஷட்டர் மாட்டாமல் மதகை வெட்டுவார்களா?

எழுத்துப்பிழை வந்தால் என்ன ஆகும்? மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ.வில் 8993-ஆவது எழுத்து மாறினால் ஏடிபி6 கோணலாகும். புரோட்டான் ஓட்டம் தடுமாறும். நரம்பும் கண்ணும் தசையும் முதலில் பாதிக்கப்படும். ஒரு செல்லில் இந்த டி.என்.ஏ. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகளாக இருப்பதால், பிழையுள்ளதும் நல்லதும் கலந்தே கிடக்கும். பிழையின் பங்கு குறைவாக இருக்கும் தாய்க்கு ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். அதே தாயின் ஒரு பிள்ளைக்குத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் போய் லீ நோய்க்குறி என்ற கடும் நோய் குழந்தைப் பருவத்திலேயே வரலாம். அக்காள் தங்கைக்குள்ளேயே அளவு வேறுபடும். யார் செய்த பாவமும் இல்லை. முட்டை உருவாகும்போது எந்தப் பிரதிகள் எத்தனை போய்ச் சேர்ந்தன என்ற சீட்டுக் குலுக்கல்தான்.

மூன்றாம் நாள் வாஷர் மாற்ற ஆள் வந்தார். புட்வால்வைக் கழற்றிக்கொண்டே, இப்படியே பின்னால் சுற்றவிட்டால் இம்பெல்லர் நட்டு கழன்றுவிடும் என்று எச்சரித்தார். அப்போதுதான் அவன் கேட்டான்: "செல்லுல கரண்டு போனா என்னாகுங் மாமா?"

அதே கதைதான். மாரடைப்பில் இதயத் தசைக்கு ரத்தம் நின்று ஆக்சிஜன் போய்விட்டால், புரோட்டான் இறைப்பது நின்று தேக்கம் வற்றும். ஏடிபி சிந்தேஸ் அப்போது பின்னோக்கிச் சுற்றத் தொடங்கும். ஏடிபியைச் செய்யவேண்டிய சுழலி, இருக்கிற ஏடிபியை எரித்துப் புரோட்டானை வெளியே இறைக்கும் பம்பாக மாறிவிடும். பஞ்ச காலத்தில் விதைநெல்லைத் தின்பது மாதிரி. இதைத் தடுக்க உட்கருவின் முதலாவது குரோமோசோமில் தனியாக ஒரு மரபணு இருக்கிறது. அதன் புரதத்துக்கு ஐஎஃப்1 என்று பெயர், 1963-இல் கண்டுபிடித்தது. நல்ல நாளில் அது ஒதுங்கிக் கிடக்கும். மூச்சு முட்டி மைட்டோகாண்டிரியாவுக்குள் அமிலத்தன்மை ஏறியதும் கூட்டமாக ஒட்டிக்கிடந்தது பிரிந்து, இரண்டிரண்டாக வந்து சுழலியின் தலைக்குள் நுழைந்து, அதைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

"அப்ப அதுதான் செல்லோட புட்வால்வுங்களா?"

இல்லை என்று நான் சொல்வதற்குள் பம்ப்காரரே சொல்லிவிட்டார். புட்வால்வு தண்ணீரைத்தான் நிறுத்தும். நாங்கள் பேசியதைக் கேட்டவரைக்கும் இது தண்டையே பிடித்துக்கொள்கிற சமாச்சாரம். பெரிய டர்பைன் பம்புகளில் மோட்டார் தலையில் வைப்பார்களே, பின்னால் சுற்றவிடாத ராட்செட், அதுதான் என்றார். நான் பத்து வருடமாக வகுப்பில் புட்வால்வு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.